மொட்டைத் தறி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இன்றைக்கும் அப்படித்தான். பால்காரரில் இருந்து சபைக் கணக்கர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் என் வாழ்க்கையில் இரண்டு வருஷம் எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. புருஷன் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கையில் சின்னப் பெண் குழந்தை, இவள் முகம் சுளிக்காமல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்காருகிறாளே என்று சபைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது நம் கன்னமாகவே இருக்காது. நான் முழுக்க அப்படி இருந்தேன். அதை எழுந்து நின்று யாரிடம் சொல்வது?

அறுபதுகளின் பிற்பாதி அது. காஞ்சிபுரத்தில் ஐயம்பேட்டை பஸ் திரும்புகிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தெரு. இருபது வீடு இருந்தால் பதினைந்தில் தறிச் சத்தம் கேட்கும். கிறிஸ்தவ வீடுகள் நாலு. எங்கள் வீட்டிலும் ஒரு தறி இருந்தது. ஆனால் நான் தறிக்காரி இல்லை. தாமல் ஏரிக்குக் கீழே ஊரார் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் இதில் பாவு எது, ஊடை எது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. "நாத்து எது களை எதுன்னு கேக்கற மாதிரி கேக்கறியேம்மா" என்று அன்று பூராவும் சிரித்தார். அவர் சிரித்தால் தறிக்குழியில் காலும் சேர்ந்து ஆடும்.

இருமல் முதலில் மழைக்காலத்து இருமலாகத்தான் வந்தது. பிறகு வெயில் காலத்திலும் போகவில்லை. கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்த அன்று அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடி ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளினார். தறியில் அப்போது மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை. அதை முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பட்டணத்துப் பக்கத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்றார்.

கிளம்பும் முன்னால் அவர் குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தறியின் பக்கத்தில் வந்து நின்று, புடவையை அறுத்த பிறகு தறியில் விட்டிருந்த ஒரு முழம் நூலைக் கையால் தடவினார்.

"இதுமேல கை வைக்காதே. எலி வராம பாத்துக்கோ. வந்து இதுலதான் புதுப் பாவு பிணைக்கப்போறேன்" என்றார்.

அந்த ஒரு முழத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு பாவை நெய்து முடித்தால் கடைசி நுனி வரை நெய்துவிட மாட்டார்கள். ஒரு முழம் மிச்சம் விடுவார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒவ்வொன்றும் விழுது என்கிற நூல் கண்ணிகளின் கண்ணுக்குள்ளும், அதற்கு முன்னால் நிற்கும் அச்சின் பற்களுக்குள்ளும் நுழைந்து நிற்கும். புதுப் பாவு வந்ததும் பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, விரலால் முறுக்கிப் பிணைத்து இழுத்தால் புதுசு பழசின் வழியிலேயே வந்துவிடும். மிச்சத்தை அறுத்துவிட்டால் வழி போய்விடும். நாலாயிரத்தையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். அப்படி வெறுமையாக நிற்பதை மொட்டைத் தறி என்பார்கள். எங்கள் தெருவில் நெய்கிற ஆள் செத்துப்போனால்தான் அந்த மிச்சத்தை அறுப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

முதல் வருஷம் வாரத்துக்கு ஒரு கார்டு வந்தது. நலம், நலமறிய ஆவல். தினம் ஊசி போடுகிறார்கள். குழந்தையை வெயிலில் விடாதே. தறிப் பக்கம் எலி வருகிறதா? எல்லாக் கார்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நானும் பதில் போடுவேன். குழந்தை நலம். தறி அப்படியே இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு எதிர் வீட்டு அக்காவின் தறிக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா தெலுங்குக்காரர். நெய்கிற வீட்டில் பிறந்து நெய்கிற வீட்டுக்கு வந்தவர். காசநோய் என்று கேள்விப்பட்டதும் தெருவில் பாதிப் பேர் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் நேராக வருவார். எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். அதற்கு நோய் காரணமில்லை, எங்கள் சாதி காரணம். நோய்க்குப் பயப்படாத மனுஷிக்கு அது எப்படி என்று அப்போது யோசித்திருந்தால் சண்டையே போட்டிருப்பேன். யோசிக்கவில்லை.

சபையில் என்னை விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். ஜெபம் முடிந்ததும் யாராவது எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் எனக்கு இந்த வாரம் இன்ன நன்மை செய்தார் என்று. கஷ்டத்தில் இருப்பவர்கள் சொன்னால் இன்னும் விசேஷம். என் முறை வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போதகரும் வந்திருந்தார். எழுந்து நின்றேன். எல்லோரும் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தோணல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

போதகர் தொண்டையைக் கனைத்தார். அவர் மாகறல் பக்கத்திலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்துக்கொண்டு சபை சபையாகச் சுற்றுகிற மனிதர். பேச்சு அவ்வளவாக வராது. பிரசங்கத்தில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியாமல் நிற்பார். அன்றைக்கும், "நம்பிக்கையோட பொறுமையா காத்திருக்கணும்மா, ஏன்னா..." என்று ஆரம்பித்து, ஏன் என்பதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஜெபத்துக்குத் தலை குனிந்தார். பொறுமையாகக் காத்திருப்பது என்ன பெரிய வேலை, பஸ்ஸுக்குக்கூடத்தான் காத்திருக்கிறோம் என்று எனக்குள் ஓடியது. அதிலும் சூடு இல்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் கார்டு நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். நாலாவது வாரம் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி, ரயில் மாறிப் போனேன். நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் கீழும் மூடி போட்ட எச்சில் கோப்பை, எங்கு பார்த்தாலும் பினாயில் வாடை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கூப்பிட்டேன். திரும்பினார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவருக்குத் திரும்பிக்கொண்டார். தறியைப் பற்றிக் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. கொண்டுபோன அதிரசத்தைத் தலைமாட்டில் வைத்தேன். ஒரு மணி நேரம் நின்றேன். நர்ஸ் அம்மா, "சாப்பிட மாட்டேங்கறாரு. மருந்து வேலை செய்யுது, ஆளுதான் வேலை செய்யல" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு எதிரே ஒரு அம்மாள் வேர்க்கடலை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார். அவர் எத்தனை கடலை உரித்தார் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு நினைவிருப்பது அதுதான். புருஷனைச் சுவரோரம் விட்டுவிட்டு வந்தவள் வேறு என்ன நினைத்திருக்க வேண்டுமோ தெரியவில்லை.

டிசம்பர் வந்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும். அடிக்காவிட்டால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். நானே சுண்ணாம்பு கரைத்து, நானே மட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். தறிக்கூடம் கடைசி. சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்க அச்சையும் விழுதையும் அந்த ஒரு முழம் நூலோடு சேர்த்து அவிழ்த்து, பழைய வேட்டியில் சுருட்டி, மேலே உத்தரத்தில் கட்ட வேண்டும். இரண்டு ஆள் வேலை. எதிரே போய் அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். பத்து அடி தூரம்.

தறிக்காலில் ஆணியில் அவருடைய கத்தரிக்கோல் தொங்கியது. எடுத்தேன். அந்த ஒரு முழம் நூலின் குறுக்கே வைத்து அறுத்தேன். பட்டு அறுபடும்போது சத்தமே வராது. பிறகு மிச்சத்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். விழுதிலிருந்தும் அச்சிலிருந்தும் எல்லா இழையும் ஒரே உருவலாக உருவிக்கொண்டு வந்தது. அதைப் பந்தாகச் சுருட்டி, காலடியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிச் சுவரில் எறிந்து பார்த்தாள். நான் சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா சுற்றுவதற்கு நூல் கொடுக்க வந்தார். வாசற்படி தாண்டி இரண்டு எட்டு வைத்தவர் தறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த நூலைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, தெலுங்கில் பெரிய குரலெடுத்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தறி மொட்டையாக இருக்கிறது. அதனால் தந்தி வந்துவிட்டது. அதனால் அவர் போய்விட்டார். தெருவில் யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் நின்றது. பெண்கள் ஓடி வந்தார்கள். ஒரு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காதவர்கள்கூட வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். யாரோ போதகருக்குச் சொல்லியனுப்பினார்கள்.

நான் மறுத்துச் சொல்லவில்லை.

சாவலை என்று ஒரு வார்த்தை போதும். வாயில் வரவில்லை. எல்லோரும் அவர் செத்ததாகச் சொல்லும்போது எனக்கும் அவர் செத்துப்போயிருந்தார். இன்னும் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. காத்திருக்கிற வேலை முடிந்தது, இனிமேல் தபால்காரனுடைய சைக்கிள் மணிக்குக் காது கொடுக்க வேண்டாம் என்ற ஆறுதல். அரை மணி நேரம் என் புருஷன் பிணமாக இருந்தார். நான் அவரைச் சாக விட்டுவிட்டு சுண்ணாம்புக் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

போதகர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் அடக்க ஆராதனைப் புத்தகம். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"தந்தி எப்போம்மா வந்தது?"

"தந்தி வரல."

"பின்னே யார் வந்து சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவரு சாவல."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அப்போ ஏன் அறுத்தே அம்மாயி? ஏன் அறுத்தே?" என்று உலுக்கினார். பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருத்தி வாசலில் நின்று, "இன்னா பொம்பளைமா இவ, உசுரோட இருக்கறவனுக்கு ஊரையே அழ வெச்சுட்டா" என்று எனக்குக் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. போதகர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் அக்கா மறுபடி வந்தார். நேற்றைய கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. கையில் ஒரு கூடை. கூடை நிறைய அறுந்த நூல். சிவப்பு, பச்சை, அரக்கு, மஞ்சள், தெருவில் உள்ள தறிகளில் புதுப் பாவு பிணைத்து ஏற்றிய பிறகு கழித்துப்போட்ட முழ நூல்களை வாங்கி வந்திருந்தார்.

"செத்தவன் தறியும் மொட்டைதான். புதுசா போட்ட தறியும் மொட்டைதான். இது எதுன்னு நீயே சொல்லு" என்றார்.

நான் அச்சை எடுத்து வந்து, பற்களில் விழுந்திருந்த சுண்ணாம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். அக்கா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, விழுதை அவிழ்த்து உதறினார்.

புதுப் பாவுக்கு வழியாக அந்தத் துண்டு நூல்களை விழுதில் கோப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் உட்கார்ந்து ஒரு இழையை எடுத்து நீட்டுவார். முன்னால் இருப்பவர் மெல்லிய கொக்கியை விழுதின் கண்ணுக்குள் விட்டு அந்த இழையைப் பிடித்து இழுத்து, பிறகு அச்சுப் பல்லுக்குள் இழுக்க வேண்டும். ஒரு கண் தவறினால் அதற்குப் பின்னால் கோத்த அத்தனையும் தவறு. மத்தியானம் அக்காவின் தறி ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவர் பின்னால் உட்காருவார், நான் முன்னால். நாற்று நட்ட கை. முதல் வாரம் இருநூறு இழை கோத்த பிறகு எட்டாவது இழையில் ஒரு கண்ணை விட்டிருந்தது தெரிந்தது. பழைய நானாக இருந்தால் கொக்கியைத் தூக்கி எறிந்திருப்பேன். எட்டாவது வரை அத்தனையையும் உருவிவிட்டு அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தப் பொறுமையைப் பார்த்து அக்காவுக்கே பயம் வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு வேலை இருந்தது. நான் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தபோது போதகர் வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் வருகிறார். வந்தவர் வேதத்தைத் திறந்தார், மூடினார். "அம்மா, கர்த்தர்..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, பின்னாடி உக்காந்து நூல் எடுத்துக் குடுங்க" என்றேன்.

அவர் மறு பேச்சுப் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் வந்தார். முதலில் சின்னதாக ஒரு ஜெபம், பிறகு நூல். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசவில்லை. ஒரு நாள் நூலை நீட்டிய கையோடு அப்படியே தூங்கிப்போனார். விழிக்கட்டும் என்று கொக்கியை நீட்டிக்கொண்டு நான் காத்திருந்தேன். பேசுவதைவிட அவருக்கு இந்த வேலை நன்றாக வந்தது.

ஒரு இழைக்கு ஒரு ஜெபம் செய்தேன் என்று எழுதினால் நம்பாதீர்கள். அப்படியெல்லாம் இல்லை. நான் எண்ணினேன், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாற்பது, சில நாள் ஐம்பது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஒன்றுமில்லை. கார்டு வரவில்லை. நான் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை நலம், தறி அப்படியே இருக்கிறது என்று அதே பொய்யை எழுதினேன். அவர் திரும்பி வருவார் என்று மனசு சொன்னதா என்று கேட்டால், சொல்லவில்லை. மனசு ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் செத்த ஆளுக்காக யாரும் விழுது கோக்க மாட்டார்கள். கை அதைச் செய்துகொண்டிருந்தது. கைக்கு எப்படித் தெரியும், எதை நம்பி அது அவ்வளவு காரியமாக இழுத்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை என்று சபையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷமான முகம்தான் ஞாபகத்துக்கு வரும். என்னிடம் அந்த முகம் இல்லை. கொக்கி இருந்தது.

லெந்து உபவாச நாட்கள் போயின. பெரிய வெள்ளி போனது. ஈஸ்டர் போனது. ஈஸ்டர் அன்றைக்கே அவர் வந்திருந்தால் போதகருக்கு ஆயுசுக்கும் ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும். அது முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அனல் வீசுகிற மத்தியானத்தில் வந்தார்.

நான் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த போதகர்தான் முதலில் பார்த்தார். அவர் நீட்டிய நூல் அப்படியே நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, "ஐயா" என்றேன். அவர் வாய் திறந்தபடி எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். ஒட்ட வெட்டிய தலை, தோளில் நிற்காத சட்டை, கையில் தகரப்பெட்டி. குழந்தை அவர் முன்னால் போய் நின்றுகொண்டு, "யாரு நீ?" என்று கேட்டது. பதில் வராததால், புது ஆட்களிடம் எப்போதும் செய்வது போலத் தன் நூல் பந்தை நீட்டியது.

அவர் அதை வாங்கினார். அழுக்கேறிப் போயிருந்தாலும் பட்டு பட்டுதானே. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தறியைப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அதில் தொங்கிக்கொண்டிருந்த துண்டு நூல்களைப் பார்த்தார்.

"இது நம்ம மயில்கழுத்துப் பாவாச்சே" என்றார். "நீயா அறுத்தே?"

"நான்தான்."

"எப்போ?"

"கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது."

"நான் செத்துட்டேன்னு நெனைச்சுட்டியா?"

எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சுண்ணாம்பு பட்டுக் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் பந்தைக் குழந்தையிடம் திருப்பிக் கொடுத்தார். பெட்டியைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார். நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நானும் அப்படித்தாம்மா நெனைச்சுக்கினு கெடந்தேன்" என்றார். "பக்கத்துக் கட்டில்காரரு போனாரு இல்ல, அன்னையிலருந்து. அதான் கார்டு போடல. செத்தவன் இன்னாத்த எழுதறது?"

அப்போதுதான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உள்ளங்காலிலிருந்து கிளம்பி உச்சி வரைக்கும் ஏறியது.

"ஒரு கார்டு!" என்று கத்தினேன். "ஒண்ணும் எழுத வேணாம், வெறும் கார்டுல வெலாசத்த மட்டும் எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? சுவத்தப் பாத்துக்கினு படுத்தா ஆச்சா? ஆறு மாசமா தபால்காரன் மூஞ்சியப் பாத்துப் பாத்து நான் கல்லாப் போயிட்டேன்! ஊரே வந்து ஒப்பாரி வெச்சுட்டுப் போயிருக்குது! நாலாயிரம் இழை! நாலாயிரம்! நாத்து நட்ட கையால! யாருக்காகன்னு நெனைச்சே?"

நீங்க போய் நீ வந்துவிட்டது எனக்கே தெரியவில்லை. தெருவில் தறிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடி வந்தார். வாசலில் நின்று அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை ஒப்பாரி வைக்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் கத்தி முடிக்கட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் முடிக்க ரொம்ப நேரமாயிற்று. தொண்டை கம்மிப்போனது. கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. அது எப்போது ஆரம்பித்தது என்று கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து தறிக்குப் பின்பக்கம் போனார். போதகர் இடம் விட்டு எழுந்தார். இவர் அங்கே உட்கார்ந்து, கோத்த இழைகளைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நெய்கிறவர் பார்க்கிற பார்வை.

"இன்னும் எவ்ளோ பாக்கி இருக்குது?"

"அறுநூத்திப் பதினொண்ணு."

"கத்தினது போதும்மா. கொக்கியை வுடு" என்று ஒரு சிவப்பு இழையை எடுத்து நீட்டினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விழுதின் கண்ணைத் தேடிக் கொக்கியை விட்டு இழுத்தேன். அறுநூற்றுப் பத்து.